ஏழாம் எண்ணில் மாமனார்

சென்னையிலிருந்து வந்த கடிதத்தை டைலர் பச்சியப்பன் நாலு தரம் படித்தான். நாலாவது தரமும் அது அதையேதான் சொன்னது.

“ஐயா, எதிர்வரும் தீபாவளி மலருக்காகத் தங்களைப் பேட்டி காண எங்கள் பத்திரிகை தீர்மானித்துவிட்டது. தாங்கள் சற்றும் எதிர்பாராத வேளையில் நாங்கள் தங்கள் வாசலில் வந்து நிற்போம். ஆகவே வருகிற வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு எதிர்பாராமல் தயாராக இருக்கவும். முகத்தில் வியப்பு அவசியம். தங்கள் பதில்கள் மூன்று தாள்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. மனப்பாடம் செய்துகொள்ளவும். இப்படிக்கு, பேட்டி இலாகா, ‘சகலகலாபோதினி’ வாரப் பத்திரிகை.”

இணைத்திருந்த தாள்களின்படி பச்சியப்பன் ஏழு வயதில் அரங்கேறியிருந்தான். தோலில் விரல் பட்டதும் தனக்கு உலகமே மறந்துபோகிறது என்று இரண்டாம் தாளில் சொல்லியிருந்தான். அது போன வருஷ மலரில் வந்த மிருதங்க வித்வானின் பேட்டி. வித்வான் பெயரை நீல மசியால் அடித்துவிட்டுப் பச்சியப்பன் பெயரை எழுதியிருந்தார்கள். மிருதங்கம் என்று வந்த இடமெல்லாம் குறுக்கெழுத்துப் புதிர் என்று மாற்றியிருந்தார்கள். தோலை மாற்ற மறந்துவிட்டார்கள்.

வேறு யாராவது இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்கள். பச்சியப்பன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனுக்கு அந்தப் பத்திரிகையில் ஒரே ஒரு வாக்கியம் அச்சாக வேண்டியிருந்தது. அது அச்சானால்தான் பெண்டாட்டி வீடு திரும்புவாள்.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அப்போது முப்பத்தெட்டாம் வருஷம். காரிமங்கலம் கடைவீதியில் தையல் மிஷின் வைத்திருந்த பச்சியப்பன், வாரம் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் தயார்செய்து சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். கட்டம் போட்ட துண்டு ஒன்றைப் பலகையில் விரித்து, கறுப்புக் கட்டம் வரவேண்டிய இடத்தில் கோட்டுப் பொத்தான்களை வைப்பான். மிச்சக் கட்டங்களில் துணிக்குக் குறி போடும் சாக்குக்கட்டியால் எழுத்துக்களை எழுதுவான். எல்லாம் பொருந்தியதும் ஒரு தாளில் பார்த்தெழுதித் தபாலில் சேர்ப்பான். துண்டைப் பெண்டாட்டி சென்னம்மாள் துவைத்துக் காயப்போடுவாள். அடுத்த வாரத்துக்கு அதே துண்டு.

அவன் புதிர்களில் குறிப்புகள் நேராக இருக்காது, சுற்றி வளைத்துத்தான் இருக்கும். ‘தர்மத்தை வெட்டிவிட்டால் நம்மூரிலேயே ஜகந்நாதரைத் தரிசிக்கலாம்’ என்று ஒரு தரம் போட்டிருந்தான். தர்மபுரியில் தர்மத்தை வெட்டினால் மிச்சம் புரி. துணியை வெட்டி ஒட்டுகிறவனுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

கஷ்டம் மாமனாரால் வந்தது. கம்பைநல்லூர்க் கரியன் என்றால் அந்தப் பக்கத்துச் சந்தைகளில் பெயர் பெற்ற மாட்டுத் தரகர். துண்டுக்குள் கையை விட்டு, விற்கிறவன் விரலையும் வாங்குகிறவன் விரலையும் மாறி மாறிப் பிடித்து, வாயே திறக்காமல் விலையை முடித்துவிடுவார். ஆடிப்பெருக்குக்கு மாமனாருக்கு என்ன செய்வதென்று யோசித்த பச்சியப்பன், அவர் பெயரையே அச்சில் ஏற்றிவிடலாம் என்று முடிவுசெய்தான். அந்த வாரப் புதிரில் ஒன்பதாம் எண்ணுக்குக் குறிப்பு: ‘துண்டுக்குள் கையை விடுவார். சந்தைக்கே பெரியவர்.’ விடை, கரியன். ஏழாம் எண்ணில் குரங்கு வந்தது. அதற்குக் குறிப்பு: ‘வேலை வெட்டி கிடையாது. கண்டதைப் பிடுங்குவார், பல்லைக் காட்டுவார். பின்னால் வால் உண்டு.’

கரியன் சந்தை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். “எம் பேரு புஸ்தகத்துல வருது. மருமவன் போட்டிருக்கறான்.”

சென்னையில் அச்சுக் கோத்த ஆசாமி அந்த இரண்டு குறிப்புகளையும் இடம் மாற்றிக் கோத்துவிட்டான். விடைகளை மட்டும் ஒழுங்காகப் போட்டான். விடை வெளிவந்த வாரம், சந்தை நாளில், காபி கிளப் வெங்கடாசலம் பெஞ்சில் ஏறி நின்று வழக்கம்போல் உரக்கப் படித்தார்.

“ஏழு. துண்டுக்குள் கையை விடுவார், சந்தைக்கே பெரியவர். விடை, குரங்கு.”

சந்தையில் மாடுகூட அசையவில்லை.

“ஒன்பது. வேலை வெட்டி கிடையாது, கண்டதைப் பிடுங்குவார், பல்லைக் காட்டுவார், பின்னால் வால் உண்டு. விடை, கரியன்.”

அடுத்த சந்தையில் கரியன் ஒரு ஜோடி எருதுக்கு விலை பேசத் துண்டுக்குள் கையை விட்டார். விரல் வரவேண்டிய இடத்தில் வாழைப்பழம் வந்தது. அதற்கடுத்த சந்தையில் மூன்று பேர் பழத்தோடு வந்திருந்தார்கள். கரியன் அன்றோடு சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நிறுத்துவதற்கு முன் மருமகன் கடைக்கு வந்து மகளைக் கூப்பிட்டார்.

“அச்சுல மாறிப்போச்சுங்க மாமா. நான் சரியாத்தான் எழுதியனுப்பினேன்” என்றான் பச்சியப்பன்.

“அச்சுல எப்பிடிப்பா மாறும்? ஈயத்துல வார்த்த எழுத்து அது. கலெக்டர் நோட்டீசு மாறுதா? பஞ்சாங்கம் மாறுதா? அச்சடிக்கறவன் பட்டணத்துல இருக்கறான். அவனுக்கு என்னெத் தெரியுமா, எனக்கு வாலு இருக்குதுன்னு எழுத? எழுதிக் குடுத்தது நீ.”

சாட்சிக்கு இருந்தது துண்டு ஒன்றுதான். அதைச் சென்னம்மாளே துவைத்துவிட்டாள். அவள் புருஷனையும் பார்த்தாள், அப்பனையும் பார்த்தாள்.

“நீங்க சொல்றதை நான் நம்பறேங்க. எங்கப்பன் நம்பமாட்டாரு. தலை நிமுந்து நடந்த மனுசன் இப்ப வூட்டை விட்டு வெளிய வர்றதில்லை. அந்தப் புஸ்தகத்துலயே, எங்க தப்புன்னு அவங்க வாயால வரட்டும். அன்னைக்கே வர்றேன்” என்று துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு போனாள்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்துவிட்டது. பச்சியப்பன் பத்திரிகைக்கு எட்டுக் கடிதம் எழுதினான். எட்டுக்கும் ‘தங்கள் பாராட்டுக்கு நன்றி’ என்று அச்சடித்த கார்டு வந்தது. கடையில் சென்னம்மாள் உட்கார்ந்து காஜா எடுக்கும் முக்காலி காலியாகக் கிடந்தது. பதினோரு சட்டைகள் பொத்தான் துளையில்லாமல் தொங்கின. தானே சோறு வடித்து, தானே சாப்பிட்டு, தானே கஞ்சித்தண்ணியைக் காலில் ஊற்றிக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கடிதம் வந்தபோது அழுகையே வந்துவிட்டது என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குப் பச்சியப்பன் கடை வாசலில் வியப்போடு நின்றான். புருவம் மேலே, வாய் லேசாகத் திறந்து. பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. ரவிக்கை வாங்க வந்த முனியம்மாள் அவனைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“என்னா டைலரே, சுளுக்கா?”

“பேட்டிக்கு நிக்கறேங்க.”

“சென்னம்மா போனதுல இருந்து ஆளு ஒரு மாதிரியாத்தான் இருக்கற. எதுக்கும் வெந்நி ஒத்தடம் குடு” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

ஒன்றே முக்காலுக்குத் தர்மபுரியிலிருந்து வாடகை மோட்டார் ஒன்று புழுதியோடு வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் பேட்டி ஆசிரியர் சவுரியப்பன். அங்கவஸ்திரம், கைத்தடி, மேடையில் பேசுகிற தமிழ். பெரிய பெட்டிக் காமிராவைச் சுமந்து வந்தவர் போட்டோகிராபர் கோவிந்தன். மூன்றாமவர் மெலிந்த, சோகமான மனிதர். அவர் கையில் ஒரு சின்ன நோட்டு மட்டும் இருந்தது.

“இவர் நம் அடைப்புக்குறி குமாஸ்தா” என்று சவுரியப்பன் அறிமுகம் செய்தார். “பேட்டியிலே ‘சிரிக்கிறார்’, ‘யோசிக்கிறார்’ என்று அடைப்புக்குறிக்குள் வருகிறதல்லவா? அந்த இலாகா முழுவதும் இவர்தான். ஒரு பேட்டிக்குச் சிரிப்பு ஆறு, யோசனை மூன்று, பெருமூச்சு ஒன்று, கண்கலங்கல் ஒன்று. அதற்கு மேல் நிர்வாகம் அனுமதிப்பதில்லை.”

குமாஸ்தா பச்சியப்பன் முகத்தை உற்றுப் பார்த்து நோட்டில் ஒரு கோடு கிழித்தார். “வியப்பு வந்துவிட்டதுங்க.”

“நல்லது. வியப்பை இறக்கிவிடலாம், மிஸ்டர் பச்சியப்பன்” என்றார் சவுரியப்பன்.

பச்சியப்பன் இறக்கப் பார்த்தான். இரண்டு மணி நேரம் நின்றதில் ஒரு புருவம் இறங்க மறுத்தது. அது மறுநாள்தான் இறங்கியது.

கடைக்குள் நுழைந்த சவுரியப்பன் மிஷினைக் கண்டு திகைத்தார். “இது எதற்கு?”

“தைக்கறதுக்குங்க. நான் டைலருங்க.”

“இருக்கலாம். ஆனால் வாசகர்களுக்கு அது தெரியவேண்டிய அவசியம் இல்லை. புதிர் போடுகிறவர் ஒரு மேதை. மேதைக்கு வேலை இருக்கலாகாது.” அவர் கைத்தடியால் சுட்டிக் காட்டினார். கோவிந்தனும் மோட்டார் டிரைவரும் மிஷினைத் தூக்கிக் கடைக்குப் பின்னால் வைத்தார்கள். கட்டம் போட்ட துண்டையும் பொத்தான் டப்பாவையும் பச்சியப்பன் ஆசையோடு எடுத்துக் காட்டினான். சவுரியப்பன் அவற்றைக் கவனிக்கவே இல்லை. துண்டால் கைத்தடியின் புழுதியைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து கண்ணாடி இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை எடுத்து மேதையின் காதில் மாட்டினார். போன வருஷம் வித்வான் மாட்டியிருந்ததும் அதே சட்டம்தான்.

“முதல் கேள்வி. தொண்டை கட்டினால் என்ன செய்வீர்கள்?”

“சுக்குத்தண்ணி குடிப்பனுங்க.”

“சிரிப்பு ஒன்று” என்று குமாஸ்தா குறித்துக்கொண்டார்.

“நான் சிரிக்கலீங்களே.”

“நீங்கள் சிரித்தால் எனக்குக் கணக்குக் குழம்பிவிடுமுங்க” என்றார் குமாஸ்தா வருத்தத்தோடு.

இதுதான் சமயம் என்று பச்சியப்பன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். “ஐயா, ஒரு விண்ணப்பமுங்க. ஆடிப்பெருக்குப் புதிர்ல ஏழாங் குறிப்பும் ஒம்பதாங் குறிப்பும் அச்சுல எடம் மாறிப்போச்சு. எங்க மாமனாருக்கு ரொம்ப அவமானமாப் போச்சுங்க. வூட்டுக்காரி அவ அப்பன் வூட்டுக்குப் போயிட்டா. ‘அது அச்சுப் பிழை’ன்னு ஒரு வரி போட்டீங்கன்னா போதுமுங்க. பேட்டிகூட வேணாம்.”

சவுரியப்பன் அவனைக் கருணையோடு பார்த்தார்.

“மிஸ்டர் பச்சியப்பன், எங்கள் பத்திரிகையில் பிழைதிருத்தம் போடுவதற்கென்றே ஒரு இலாகா உண்டு. பத்திரிகை ஆரம்பித்த நாள் முதல் அதற்கு ஒரு வேலையும் வந்ததில்லை. அதன் மேஜையில் இப்போது ஆசிரியருடைய டிபன் கேரியர் இருக்கிறது. ஏன் வேலை வரவில்லை? பிழையே வரவில்லை. பிழை என்று வாசகர் எழுதுகிறார். பத்திரிகையைப் பார்க்கிறோம், அதில் பிழை என்று எங்கும் போடவில்லை. ஆகவே பிழை வாசகருடையது என்று தெரிகிறது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி தெரிவிக்கிறோம்.”

“ஒரே ஒரு வரிங்க.”

“ஒரு வரிதான். ஆனால் யோசியுங்கள். ஏழாம் குறிப்பு பிழை என்றால் வாசகன் எட்டாம் குறிப்பைச் சந்தேகிப்பான். பிறகு தலையங்கத்தைச் சந்தேகிப்பான். கடைசியில் பின்னட்டையில் வரும் கூந்தல் தைலத்தைச் சந்தேகிப்பான். தைலம் போனால் பத்திரிகை போயிற்று. ஒரு மாமனாருக்காகத் தேசத்தை வழுக்கையாக விட்டுவிட முடியுமா?” தன் பேச்சில் தானே உருகிப்போய் அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். “இருந்தாலும் எங்கள் கேள்வித்தாளில் இருபத்தெட்டாவது கேள்வி, ‘வாசகர்களுக்குத் தாங்கள் சொல்ல விரும்புவது யாது?’ என்பது. அப்போது எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அதுவரை பொறுங்கள்.”

பச்சியப்பனுக்கு உயிர் வந்தது. இன்னும் இருபத்தேழு கேள்விதானே என்று உட்கார்ந்தான்.

நாலாவது கேள்வியில் கோவிந்தன் குறுக்கிட்டார். “சார், பின்னாலே தண்ணி வேணும்.”

அது பத்திரிகையின் சம்பிரதாயம். மேதைக்குப் பின்னால் தண்ணீர் ஓட வேண்டும். வித்வானைக் கடற்கரையில் உட்கார வைத்து எடுத்திருந்தார்கள். காரிமங்கலத்தில் தண்ணீர் எங்கே என்று சவுரியப்பன் கேட்டார். கிணற்றடியைக் காட்டினான் பச்சியப்பன். அது ஓடாது என்று தள்ளிவிட்டார்கள். ஒகேனக்கல் என்று டிரைவர் வாய் தவறிச் சொல்லிவிட்டான். பத்து நிமிஷத்தில் எல்லோரும் மோட்டாரில் இருந்தார்கள். பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போது மோட்டார்க் கதவைப் பிடித்துக்கொண்டே பச்சியப்பன் ஒன்பது, பத்து, பதினொன்றாம் கேள்விகளுக்குப் பதில் சொன்னான். சீடர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, காஜா எடுக்க ஒரு ஆள் இருந்தாள், இப்போது இல்லை என்றான்.

“பெருமூச்சு” என்று குமாஸ்தா குறித்துக்கொண்டார். அது ஒன்றுதான் அன்றைக்கு உண்மையானது.

அருவிக்கரையில் போட்டோ எடுப்பதற்கு முன்பே ஒரு காரியம் நடந்துவிட்டது. பாறை மேலிருந்து ஒரு கிழட்டுக் குரங்கு இறங்கி வந்து, மேதையின் காதிலிருந்த சட்டத்தை லாவகமாகக் கழற்றிக்கொண்டு போய்த் தன் மூக்கில் வைத்துக்கொண்டது. கன்னத்தில் கை ஊன்றி நீரோட்டத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கோவிந்தன் கலைஞர். மனம் தாளாமல் ஒரு பிளேட்டைச் செலவழித்துவிட்டார். “இதை அடுத்த பக்கத்திலே போடலாம் சார், ‘ஒகேனக்கல் காட்சி’ன்னு” என்றார். சவுரியப்பன் தலையசைத்தார்.

பச்சியப்பனைப் பரிசலில் ஏற்றினார்கள். அவனுக்கு நீச்சல் தெரியாது. பரிசல்காரர் மாதேஸ், கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். கோவிந்தன் கரையிலேயே காமிராவை ஊன்றி நின்றுகொள்ள, சவுரியப்பனும் குமாஸ்தாவும் மேதையோடு ஏறிக்கொண்டார்கள். நடு ஆற்றில் அருவியின் இரைச்சல் காதை அடைத்தது. சவுரியப்பன் கேள்வியைக் கத்தினார். யாரைக் கேட்கிறார் என்று தெரியாமல் மாதேஸ் மரியாதையாகப் பதில் கத்தினார். குமாஸ்தா குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

“புதிர் அமைக்கும் ரகசியம் என்ன?”

“துடுப்பை எடப்பக்கம் போட்டா வலப்பக்கம் திரும்பும் சாமி.”

“வாசகர்கள் எப்படி அணுக வேண்டும்?”

“உள்ள வந்தவங்க எந்திரிக்க பேடா. ஆடாம குந்தியிருங்க.”

“விமரிசகர்களைப் பற்றி?”

“முதலைதான. வெயிலு காயும். கண்டுக்கிடாதீங்க.”

மேதையின் காதில் இதில் எதுவும் விழவில்லை. பரிசல் விளிம்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தெப்பலாக நனைந்து, வாயைப் பிளந்துகொண்டிருந்தான். கரையிலிருந்து கோவிந்தன் அதை எடுத்தார். அப்போது மாதேஸ் துடுப்பை ஒரு திருகு திருகிப் பரிசலைச் சுழல விட்டார். பட்டணத்துக்காரர்கள் கேட்டு வாங்குகிற வேடிக்கை அது, சும்மாவே செய்து காட்டினார்.

சுழலுக்கு நடுவில் சவுரியப்பனின் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. “இருபத்தெட்டு! வாசகர்களுக்குத் தாங்கள் சொல்ல விரும்புவது யாது?”

பச்சியப்பன் எழுந்தேவிட்டான். மாதேஸ் அவன் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டார். “ஆடிப்பெருக்குப் புதிர்ல ஏழும் ஒம்பதும் மாறிப்போச்சுங்க. கம்பைநல்லூர்க் கரியன் குரங்கு இல்லீங்க. அவரு பெரிய மனுசருங்க. தப்பு எம்மேல இல்லை, அச்சு மேல. சென்னம்மா, நீ வந்துரு.”

சொல்லி முடித்ததும் அவனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பரிசலில் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பரிசல் மெல்ல நின்றது.

குமாஸ்தா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அவருக்கும் கஷ்டமாக இருந்தது. “கண்கலங்கலைப் பதினாலாவது கேள்வியிலேயே போட்டுவிட்டேனுங்களே. சிரிப்புத்தான் ஒன்று மிச்சம் இருக்கிறது” என்று மெதுவாகச் சொன்னார்.

“அதைப் போடும்” என்றார் சவுரியப்பன். “வாசகர்களுக்கான செய்தி நேற்றே அச்சுக்குப் போய்விட்டது, மிஸ்டர் பச்சியப்பன். ‘ஊக்கத்தோடு உழையுங்கள்.’ மிகவும் அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள்.”

தீபாவளி மலர் ஐப்பசியில் காரிமங்கலத்துக்குப் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பச்சியப்பன் இலவசப் பிரதியைப் பிரித்தான். நாலு பக்கம் அவனுடைய பேட்டி. துடுப்பை இடப்பக்கம் போட்டால் புதிர் வலப்பக்கம் திரும்பும் என்று சொல்லியிருந்தான். உள்ளே வந்தவர்களை எழுந்திருக்க வேண்டாம் என்றிருந்தான். விமரிசகர்கள் வெயில் காய்வார்கள் என்றிருந்தான். தோல் அப்படியே இருந்தது. ஊக்கத்தோடு உழையுங்கள் என்று சொல்லிவிட்டு அடைப்புக்குறிக்குள் சிரித்திருந்தான். ஏழும் இல்லை, ஒன்பதும் இல்லை, கரியனும் இல்லை.

அவன் பக்கத்தைத் திருப்பினான். அங்கே படங்கள் இரண்டு இருந்தன. மேலே ஒகேனக்கல் பாறையில், மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, கன்னத்தில் கை ஊன்றி நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குரங்கு. அதன் அடியில்: ‘புதிர் மேதை பச்சியப்பன் அவர்கள், ஆழ்ந்த சிந்தனையில்.’ கீழே பரிசலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நனைந்து, வாயைப் பிளந்து, ஒற்றைப் புருவம் உயர்த்தியபடி அவன். அதன் அடியில்: ‘ஒகேனக்கல் காட்சி. பிரயாணிகளின் உடைமைகளைப் பிடுங்கும் குரங்கு.’

பச்சியப்பன் மலரை மூடி, தைக்க உட்காரும் பெஞ்சில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

அதனால் ஒரு பயனும் இல்லை. காபி கிளப் வெங்கடாசலத்துக்கும் பிரதி வந்திருந்தது. முனியம்மாள் கடைக்கு வந்து அவனை வெகுநேரம் பார்த்தாள். “படத்துல கொஞ்சம் வயசாத் தெரியற. மத்தபடி நல்லா வுழுந்திருக்குது” என்று ஆறுதல் சொன்னாள். அன்று பூராவும் கடை வாசலில் யாராவது ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். பச்சியப்பன் அதையே மத்தியானச் சாப்பாடாகச் சாப்பிட்டான். மாமனார் எப்படி வெந்திருப்பார் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

அடுத்த சந்தை நாள், உச்சி வெயிலில் கூட்டம் திடீரென்று வழி விட்டது. கரியன் வந்துகொண்டிருந்தார். இரண்டரை மாதம் கழித்து, தோளில் துண்டோடு, தலை நிமிர்ந்து. பின்னால் சென்னம்மாள், கையில் துணி மூட்டையும் மலரும். கரியன் நேரே கடைக்குள் வந்தார். மலரை வாங்கிப் பலகையில் விரித்து மேல் படத்தில் விரலை வைத்தார்.

“இது யாரு மாப்ளெ?”

“குரங்குங்க மாமா.”

“கீழ என்னான்னு எழுதியிருக்கறான்?”

“எம் பேருங்க.”

“இது யாரு?”

“நானுங்க.”

“கீழ?”

“குரங்குன்னுங்க.”

கரியன் திரும்பி, வாசலில் கூடியிருந்த சந்தையைப் பார்த்தார். “கேட்டுக்கோங்கடா. எம் மருமவன் தன்னைத்தானே குரங்குன்னு எழுதிக் குடுத்திருப்பானா? அச்சுல மாறுது. ஈயத்துலயும் மாறுது. எனக்கு மாறின மாதிரியேதான் இவனுக்கும் மாறியிருக்குது.” பிறகு பச்சியப்பன் பக்கம் திரும்பினார். “உன்னெ நம்பாமப் போயிட்டேம்பா. மனசுல வெச்சுக்காத.”

கரியன் துண்டை எடுத்துத் தன் கைமேல் போர்த்தி மருமகன் பக்கம் நீட்டினார். சந்தையில் அதற்கு விலை முடிக்கலாம் என்று அர்த்தம். பச்சியப்பன் துண்டுக்குள் கையை விட்டான். உள்ளே ஒரு வாழைப்பழம் இருந்தது. மாமனாரும் மருமகனும் அதை ஆளுக்குப் பாதி தின்றார்கள். சென்னம்மாள் மூட்டையை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, கொடியில் கிடந்த முதல் சட்டையை இழுத்துக் காஜா எடுக்க ஆரம்பித்தாள்.

கார்த்திகையில் பேட்டி இலாகாவிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. தங்கள் படத்தில் அறிவுக்களை ததும்புவதாக வாசகர்கள் இருநூற்றுப் பதினாலு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இனி ஒவ்வொரு வாரமும் தங்கள் புதிருக்கு மேலே அந்தப் படத்தையே வெளியிட நிர்வாகம் தீர்மானித்திருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் உடனே தெரிவிக்கவும்.

பச்சியப்பன் கார்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“என்னா எழுதப் போறீங்க?” என்று சென்னம்மாள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“அது நான் இல்லை, குரங்குன்னு.”

“வேணாங்க. அவங்க திருத்தினாலும் திருத்திருவாங்க. அப்புறம் எங்கப்பனுக்கு மறுபடியும் சந்தேகம் வந்துரும்.”

பச்சியப்பன் யோசித்துப் பார்த்தான். கார்டில், ‘ஆட்சேபணை இல்லை. படம் என்னைப் போலவே இருக்கிறது’ என்று எழுதித் தபாலில் போட்டான்.

அதன்பிறகு வாரந்தோறும் புதிருக்கு மேலே குரங்கு வந்தது. கரியன் ஒவ்வொரு சந்தைக்கும் முதல் வேலையாக வெங்கடாசலத்தின் காபி கிளப்புக்குப் போய்ப் பக்கத்தைப் பிரித்து, குரங்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். பார்த்துவிட்டு, நிம்மதியாகத் துண்டை உதறிக்கொண்டு மாடு பேசப் போவார்.